வீட்டு நம்பர் இரண்டு தடவை

பணம் எடுக்கும் மெஷினைக் கண்டால் முதலில் அதன் வாயைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நான் ஆட்டுவேன், என் அத்தை என்னைவிடப் பலமாக ஆட்டுவார். கார்டு நுழையும் அந்தப் பிளாஸ்டிக் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, இப்படியும் அப்படியும் இழுத்து, அது அசையாது என்று தெரிந்த பிறகுதான் கார்டை உள்ளே விடுவார். மலாக்கா பட்டணத்தில் ஒருமுறை பேங்க் காவலாளி ஓடி வந்து, மெஷினை உடைக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். "கையோட வந்துச்சுன்னா அது மெஷினோட வாய் இல்லன்னு அர்த்தம்லா" என்று அத்தை தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். காவலாளிக்கு என்ன புரிந்ததோ, பேசாமல் போய்விட்டார்.

நான் பார்க்கும் வேலையும் கார்டோடுதான். கடைகளுக்குக் கார்டு மெஷின் பொருத்துவது, பழுதானால் போய்ப் பார்ப்பது, கல்லாவில் புதிதாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிக் கொடுப்பது. மலாக்காவை ஒட்டிய தெங்கேராவில் எங்கள் வாடகை வீட்டைச் சுற்றி இருக்கிற சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை எல்லாவற்றிலும் நான் வைத்த மெஷின்தான் கிடக்கிறது. போகிற இடத்திலெல்லாம் ஒரே பாட்டு பாடுவேன். வாடிக்கையாளர் கார்டை அவர் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோகாதீர்கள். நம்பரை அமுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவராகவே வாய்விட்டுச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

கார்டின் முதுகில் ஓடும் கறுப்புப் பட்டை, பழைய கேசட் நாடா மாதிரிதான். யார் ஓட்டினாலும் அதே பாட்டைத்தான் பாடும். அதைப் பதிந்து இன்னொரு பட்டையில் ஏற்றிவிட்டால் அதுவும் அச்சு அசலாக அதையே பாடும். எது அசல், எது நகல் என்று மெஷினுக்குத் தெரியாது. முன்பக்கம் பொன்னிறத்தில் இருக்கிற சிப் வேறு மாதிரி. ஒவ்வொரு தடவையும் மெஷின் புதிதாக ஒரு கேள்வி கேட்கும், சிப் புதிதாக ஒரு பதில் சொல்லும். நேற்றைய பதிலைத் திருடிக்கொண்டு இன்று போனால் செல்லாது. இதைக் கடைக்காரர்களுக்கு விளக்கும்போது எனக்கு அத்தை ஞாபகம்தான் வரும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எத்தனையோ பேர் அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவருக்கு அவர் சொன்னதே இல்லை.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் பெம்பான் என்கிற ஊரிலிருந்து இன்னும் உள்ளே. இருபக்கமும் செம்பனை, நடுவே செம்மண் சாலை, அது முடிகிற இடத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள். அப்பா அங்கே லோரி ஓட்டினார். அம்மா களை எடுக்கப் போனார். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் தோட்ட வேலைக்குப் போகவில்லை. அவருக்கு மலாக்காவில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையில் முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். உதட்டுக்குச் சாயம் பூசிக்கொள்வார். கடையில் புடவையை விரித்துப் போட்டுப் பேசுகிற மாதிரியே லயத்திலும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவரைப் பிடிக்காதவர்கள் லயத்தில் இல்லை. அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாதவர்களும் இல்லை.

முன்பெல்லாம் சம்பளம் கையில்தான். ஆபீஸ் வாசலில் மேசை போட்டுக் கணக்கு எழுதும் கிராணி உட்கார்ந்திருப்பார், வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரு நாள் நிர்வாகம், இனிமேல் சம்பளம் பேங்கில் போடப்படும் என்று சொல்லி ஆளுக்கொரு கார்டைக் கையில் கொடுத்துவிட்டது. முதல் மாதமே ஒரு மாமாவின் கார்டை மெஷின் விழுங்கிவிட்டது. தப்பான நம்பரைத் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். அவர் மெஷினைத் தட்டித் தட்டிக் கெஞ்சினாராம், அப்புறம் கெட்ட வார்த்தையில் திட்டினாராம். அது எதற்கும் மசியவில்லை. அந்தக் கதை லயம் முழுக்கப் பரவி, ஆளாளுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போய் மெஷினுக்குக் கார்டைத் தின்னக் கொடுப்பதா என்று பயந்து போனார்கள். அத்தைதான் தினமும் பட்டணம் போகிறாரே. ஒவ்வொருவராக அவரிடம் கார்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

கார்டு சரி, நம்பரை எப்படி நினைவில் வைப்பது? அதற்கு அத்தையே ஒரு சட்டம் போட்டார். எல்லாரும் வீட்டு நம்பரை இரண்டு தடவை வைத்துக்கொள்ள வேண்டும். பதினேழாம் நம்பர் வீடென்றால் ஒன்று ஏழு ஒன்று ஏழு. தோட்டத்து நிர்வாகம் ஒவ்வொரு வீட்டு நிலைக்கட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது, அதனால் யாருக்கும் மறக்காது. நம்பரை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் இருந்துகொண்டு உண்மையான நம்பரை எழுதினால் என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகும்.

கார்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அடையாளத்துக்கு ஒவ்வொரு வீடும் ஒவ்வொன்று செய்தது. சிலர் நகச்சாயத்தில் கோடு போட்டார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழத்தில் வருகிற குட்டி ஸ்டிக்கரை ஒட்டினார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா, கார்டின் மூலையில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். அது மாதத்துக்கு மாதம் அழிந்துபோகும், அவரும் சலிக்காமல் புதிதாக வைத்துக் கொடுப்பார். "அக்கா, மெஷினு உங்க கார்ட மட்டும் சாமி கும்பிட்டுட்டுத்தான் உள்ள இழுக்குது" என்று அத்தை கேலி செய்வார். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். புருஷன் இல்லாமல், தோட்டத்தின் பின்பக்க ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டி, ஒற்றை மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர். அதிகம் சிரிக்கிறவர் இல்லை. அத்தையிடம் மட்டும்தான் அந்தச் சிரிப்பு வரும்.

சம்பள நாள் மாலையில் எங்கள் வீட்டு வாசலில் திருவிழாதான். முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற அத்தையை யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ரம்புத்தான் மரத்தடியில் கிடந்த பலகை பெஞ்சில் கைப்பையை வைத்துவிட்டு, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். புடவைக் கடையின் சின்னக் காகிதப் பைகளில் ஒவ்வொரு வீட்டுப் பணத்தையும் கார்டையும் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பார். கூடவே யார் யாரோ சொல்லிவிட்ட சாமான்களும் இருக்கும். ஒருவருக்குத் தைலம், ஒருவருக்கு ரவிக்கைத் துணி, ஒருவருக்கு மல்லிகை. "மாமா, மெஷினு உங்கள நலம் விசாரிச்சுச்சு" என்பார். "உங்க வீட்டுக்காரரு பீர் கடைக்கு வழி கேட்டா சொல்லாதேன்னு மெஷின்கிட்ட சொல்லிட்டு வந்துருக்கேன்" என்பார். பணத்தை வாங்கிக்கொண்டவர்களும் போக மாட்டார்கள். அம்மா ஒரு பெரிய கெத்தலில் தேநீர் போட்டுக் கொண்டுவருவார். முறுக்கு ஒரு சுற்று போகும். யார் மகள் பெரியவளானாள், எந்தத் தோட்டத்தை விற்கப்போகிறார்கள், எல்லாப் பேச்சும் அங்கேதான். அந்த மாலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. இப்போது சம்பளம் கைப்பேசியில் ஒரு சத்தத்தோடு வந்து விழுகிறது, யாருக்கும் யாரும் தேநீர் போடுவதில்லை.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒரு சம்பள நாளில் அத்தை வெறுங்கையோடு வந்தார். பணம் போதவில்லை என்று மெஷின் சொன்னதாம். சரி, சம்பளம் இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த கார்டைப் போட்டிருக்கிறார். அதற்கும் அதே பதில். கொண்டுபோன எந்தக் கார்டிலும் காசு இல்லை. மறுநாள் கிராணி விசாரித்துச் சொன்னார், சம்பளம் இரண்டு நாள் முன்பே ஏறிவிட்டது, ஏறிய கையோடு யாரோ கோலாலம்பூர் பக்கம் ஒரு மெஷினில் எல்லாவற்றையும் வழித்து எடுத்திருக்கிறார்கள். சேமிப்பில் கிடந்ததும் சேர்ந்து போயிருந்தது.

அப்படிப் பணம் போன அன்று அத்தை லயத்தில்தான் இருந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பானகம் கரைத்துக்கொண்டிருந்தார், எல்லாரும் அவர் கையால் வாங்கிக் குடித்திருந்தார்கள். ஆனால் அது யாருக்கும் உதவவில்லை. ஏனென்றால் இன்னொரு விஷயம் எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்தது. தாங்களே பெம்பானுக்கோ ஜாசினுக்கோ போய்ப் பணம் எடுக்கிற நாலைந்து வீடுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. போனதெல்லாம் அத்தை கையில் போன கார்டுகள் மட்டும்தான்.

யாரும் எங்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அம்மா தேநீர் போட்டுக் கூப்பிட்டபோது எல்லாருக்கும் திடீரென்று வீட்டில் வேலை இருந்தது. அத்தை அந்த வருஷம் தன் சேமிப்பில் ஒரு ஜோடி வளையல் வாங்கியிருந்தார். அதுவரை அது வெறும் வளையல், அதன் பிறகு எல்லார் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது. அத்தை அதைக் கழற்றி உள்ளே வைத்தார். ஏன் கழற்றினாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

வாய் திறந்து சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும்தான். மகளுக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, சேர்வதற்குக் கட்ட வேண்டிய பணம் அந்தக் கார்டில் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது, அத்தைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் கார்டு இந்த வீட்ட விட்டுப் போனது அவ கையிலதான். வேற எந்தக் கையிலயும் போகல." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அத்தை நிரப்பிய வாளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பேங்குக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்று கிராணி சொன்னார். கூடவே மெதுவாக ஒன்றையும் சொல்லிவைத்தார். கார்டையும் நம்பரையும் இன்னொருவரிடம் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் பேங்க் ஒரு காசும் திருப்பித் தராது, அது அவர்கள் விதி. லோரியின் பின்னால் ஏறி எல்லாரும் மலாக்காவுக்குப் போனோம். அப்பாதான் ஓட்டினார். பார்த்தால் கோயிலுக்குப் போகிற கூட்டம் மாதிரிதான் இருந்தது. பாதி வழியில் ஒரு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரும் யாரிடமும் கார்டைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவோம், அதுதான் எல்லாருக்கும் நல்லது, தங்கச்சிக்கும் நல்லது என்றார். அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா மட்டும், தனக்குப் பொய் சொல்ல வராது என்றார்.

பேங்கில் ஓர் அதிகாரி அம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக் கேட்டார். கார்டை யாரிடமாவது கொடுத்தீர்களா? நம்பர் வேறு யாருக்காவது தெரியுமா? சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் அத்தையும் நானும் உட்கார்ந்திருந்தோம். எல்லாமே காதில் விழுந்தது. "தக் அடா, புவான்." இல்லை அம்மா, யாரிடமும் கொடுக்கவில்லை. நானேதான் போய் எடுப்பேன். அத்தை கேலி செய்து சிரிக்க வைத்தவர்கள், தைலம் வாங்கிவரச் சொன்னவர்கள், ஒவ்வொருவராக உட்கார்ந்து அதையே சொல்லிவிட்டு எழுந்தார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். கூடப் பிறந்த அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு, "தக் அடா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தை அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கடைசியாகப் பெரியம்மா உட்கார்ந்தார். அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் திரும்பி அத்தையைக் கைகாட்டினார். இவளிடம்தான் கொடுத்தேன், மாதா மாதம் இவளிடம்தான் கொடுத்தேன், நம்பரும் இவளுக்குத்தான் தெரியும் என்று, உடைந்த மலாயில், பேங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

அப்புறம் அத்தையைப் போலீஸில் கூப்பிட்டார்கள். ஜாசினில் அரை நாள் உட்கார வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். புடவைக் கடை முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் கல்லாப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சில வாரம் கழித்து உண்மை வந்தது. அத்தை வழக்கமாகப் பணம் எடுக்கும் மெஷினில் முந்தின மாதமே யாரோ போலி வாய் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். கார்டு அதன் வழியாகப் போகும்போதே கறுப்புப் பட்டையில் இருப்பதை அது பதிந்துகொள்ளும். மேலே ஒளித்து வைத்த குட்டிக் கேமரா விரல் எந்த நம்பரை அமுக்குகிறது என்று பார்த்துக்கொள்ளும். பட்டணத்தில் பலர் அதில் மாட்டியிருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு வாத்தியார், ஒரு மீன் வியாபாரி. ஆனால் அவர்கள் ஆளுக்கொரு கார்டைத்தான் இழந்தார்கள். எங்கள் லயம் முழுவதையும் அத்தை ஒரே மாலையில், ஒரே மெஷினில், குழாயடி வீட்டில் தொடங்கி வரிசையாகப் போட்டு எடுத்திருந்தார். திருடனே இப்படி ஒரு வரும்படியை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

கொடுக்கவில்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் பணம் திரும்பி வந்தது. கொடுத்தேன் என்று சொன்ன பெரியம்மாவுக்கு மட்டும் வரவில்லை. விதி விதிதான் என்றார்கள். மகளின் கல்லூரி இடம் போய்விட்டது. அவள் மலாக்கா பக்கம் பத்து பிரெண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அத்தை வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் ஒரு கைக்குட்டையில் கட்டி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். அப்பா வாசலில் மறித்துக்கொண்டார். "குடுத்தின்னா நீதான் எடுத்தேன்னு ஆயிடும்" என்றார். அத்தை உள்ளே போய்க் கைக்குட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பா சொன்னது நியாயம்தான், அதுதான் கொடுமை. அந்த வளையலை அவர் பிறகு போட்டுக்கொண்டதே இல்லை.

குற்றம் இல்லை என்று ஆன பிறகு லயத்து ஆட்கள் பழையபடி வந்து பேசினார்கள். அன்றே தெரியும், நாங்கள் சந்தேகப்படவே இல்லை என்றார்கள். அத்தை அவர்களோடு சிரித்தும் பேசினார். ஆனால் யார் கார்டையும் கையால் தொடவில்லை. பெரியம்மா வரவே இல்லை. எதிரெதிரே இருந்த இரண்டு கதவுகளில் ஒன்று திறந்தால் மற்றொன்று சாத்திக்கொள்ளும். அத்தை ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்கிற சாக்கில் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச காலத்தில் சிப் வைத்த கார்டுகள் வந்தன. தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்து வீடமைப்புத் திட்டம் ஒன்று கட்டினார்கள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அத்தை என்னோடு தெங்கேராவுக்கு வந்துவிட்டார். நாலு எண்ணாக இருந்த நம்பர் ஆறு எண் ஆனபோது, வீட்டு நம்பரையோ பிறந்த நாளையோ வைக்கக் கூடாது என்று நான் அத்தைக்கு வகுப்பே எடுத்தேன். மாற்றிவிட்டேன் என்றார். நான் நம்பவில்லை. வேறு எந்த நம்பர் அவர் மனத்தில் நிற்கும்?

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இத்தனை வருஷம் கழித்தும் அந்த எதிர்வீட்டுப் பெரியம்மாமேல் கோபமா என்று கேட்டேன். அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மத்தவங்க எல்லாம் குடுக்கவே இல்லன்னுட்டாங்க. உங்கப்பனும்தான். என்னைய நம்பிக் குடுத்தேன்னு சொன்னது அவ ஒருத்திதான்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "அவ ஒரு தடவ வந்து பேசிட்டான்னா எனக்குப் போதும்."

கல்யாணங்களில் அவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் இந்தப் பக்க வரிசையில், மற்றவர் அந்தப் பக்க வரிசையில். பந்தியிலும் அப்படியே. நான் போய் இருவரிடமும் பேசுவேன். பெரியம்மா என்னிடம் நன்றாகத்தான் பேசுவார். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பசியாறிவிட்டு நானும் அத்தையும் மலாக்கா பட்டணத்தில் பேங்குக்குப் போனோம். மெஷின் முன்னால் ஒரு வயதான அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். காவலாளி உதவிக்கு வந்தார். அந்த அம்மாள் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று மலாயில் சொல்லி அவரை விரட்டினார். குரல் கேட்டதும் அத்தை என் கையைப் பிடித்தார்.

பெரியம்மா திரும்பினார். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தார்.

"நீயா புள்ள?"

"நான்தான்க்கா."

எங்களுக்குப் பின்னால் வந்த பையன் பக்கத்து மெஷினுக்கு நகர்ந்துகொண்டான். பெரியம்மாவுக்குக் கண்ணில் ஆப்பரேஷன் நடந்திருக்கிறது, வழக்கமாகப் பணம் எடுத்துத் தருகிற மகள் அன்று வேலைக்குப் போயிருக்கிறாள், மருந்து வாங்க வேண்டும், இரண்டு தடவை தப்பாக அமுக்கிவிட்டார், இன்னொரு தடவை தப்பானால் மெஷின் விழுங்கிவிடும் என்று பயம். இதையெல்லாம் அவர் யாரையும் பார்க்காமல், கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு அதை அத்தையிடம் நீட்டினார். சிப் வைத்த புதுக் கார்டு. அதன் மூலையில் மஞ்சள் பொட்டு இருந்தது.

அத்தை கையை நீட்டவில்லை. "இவ கார்டு கம்பெனியிலதான் வேல செய்றா. இவகிட்ட குடுங்கக்கா" என்று என்னைக் காட்டினார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவ எதுக்கு? அன்னிக்கும் உங்கிட்டதானே குடுத்தேன்" என்றார்.

அத்தை வாங்கிக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினின் வாயை இரண்டு விரலால் பிடித்து, வழக்கத்தைவிடப் பலமாக ஆட்டிப் பார்த்தார். கார்டை உள்ளே விட்டார். நம்பர் என்ன என்று கேட்டார்.

"வீட்டு நம்பர்தான். இப்ப மூணு தடவ" என்றார் பெரியம்மா, பேங்குக்கே கேட்கிற மாதிரி.

அத்தை சிரித்துவிட்டார். பெரியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கடைகடையாகப் பாடுகிற பாட்டு அத்தனையும் அங்கே காற்றில் போய்க்கொண்டிருந்தது. அத்தை இடது கையை நம்பர்ப் பலகைக்கு மேல் குடை மாதிரி கவித்துக்கொண்டு என்னை முறைத்தார். "நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கம் திரும்பு."

எங்கள் வாசலில் நின்றால் எதிரே வெள்ளைப் பெயிண்டில் தெரிந்த நம்பர் அது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். ஆனாலும் நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.